பலர் கைபடும் கணக்கேடு

1978-ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின் என்னும் இளைஞர் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்றுவந்தார். வகுப்பில் ஆசிரியர் ஒரு நிறுவனத்தின் வரவு செலவுகளைக் கரும்பலகையில் பெரிய அட்டவணையாக வரைவார். நடுவில் ஓர் எண் மாறினால், அதனைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் கணக்கிட்டு எழுதவேண்டும். ஓர் எண்ணை மாற்றிய உடனே ஏனைய எண்கள் தாமே மாறிக்கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்று பிரிக்ளின் எண்ணினார். பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'விசிகால்க்' என்னும் மென்பொருள், 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கென வெளிவந்தது. இன்று நாம் பயன்படுத்தும் விரிதாள் மென்பொருள்களுக்கு அதுவே முன்னோடி.

விரிதாள் என்பது கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட கட்டங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு முகவரி உண்டு. நெடுவரிசையின் எழுத்தையும் கிடைவரிசையின் எண்ணையும் சேர்த்து 'பி2', 'சி10' என்று அதனைக் குறிப்பர். ஒரு கட்டத்தில் எண்ணையோ சொல்லையோ எழுதலாம். பிற கட்டங்களைக் கொண்டு கணக்கிடும் சூத்திரத்தையும் எழுதலாம். பிரிக்ளினின் மாயப் பலகையை இயக்குவது இச்சூத்திரமே.

நெடுங்காலம் விரிதாள் ஒருவர் கணினியில் ஒருவர் எழுதும் ஏடாகவே இருந்தது. பிறருக்குக் காட்டவேண்டுமெனில் கோப்பை அனுப்பவேண்டும். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். அதற்குள் முதலாமவர் தம்மிடமுள்ள படியில் வேறொன்றைத் திருத்தியிருப்பார். 'கணக்கு இறுதி', 'கணக்கு இறுதி 2', 'கணக்கு உண்மையான இறுதி' எனப் பெயர் பெற்ற கோப்புகளை உங்கள் இல்லக் கணினியிலும் நீங்கள் கண்டிருக்கலாம்! 2006-இல் கூகுள் நிறுவனம் இணையவழி விரிதாளை வெளியிட்டது. ஒரே தாளைப் பலர் தத்தம் இடத்திலிருந்து ஒரே நேரத்தில் எழுதும் முறை அதன்பின் பரவலாயிற்று. இன்று கூகுள் ஷீட்ஸ், மைக்ரோசாஃப்ட் எக்செலின் இணைய வடிவம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் ஜோஹோ ஷீட் ஆகியவை நம் நாட்டில் பெரிதும் புழங்குகின்றன. ஈதர்கால்க் என்னும் கட்டற்ற மென்பொருளும் உண்டு. பிரிக்ளின் பிற்காலத்தில் எழுதிய சோஷியல்கால்க் என்னும் நிரலை அடிப்படையாகக் கொண்டு அதனை ஆக்கியவர் ஆட்ரி டாங். இவர் பின்னாளில் தைவானின் அமைச்சரானார்.

இவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது? விளம்பரங்கள் ஒவ்வொன்றையும் சிறந்ததென்றே கூறும். நாம் ஒரு வேலையை முன்வைத்து இக்கருவிகளைச் சோதிப்போம்.

ஒரு குடியிருப்பின் பொங்கல் கணக்கு

நம்மைப் போல் பணி நிமித்தம் ஊர்விட்டு வந்த குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்பை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கு 64 தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. பொங்கல் விழாவிற்கு வீட்டுக்கு 750 ரூபாய் வீதம் திரட்ட முடிவு செய்கின்றனர். பணம் திரட்டும் பொறுப்பை மூவர் ஏற்கின்றனர். அவர்கள் வெவ்வேறு தொகுதிகளில் வாழ்பவர்கள். வெவ்வேறு நேரங்களில் பணிக்குச் செல்பவர்கள். எனவே ஓர் இணைய விரிதாளில் எழுதலாம் என்கின்றனர். வாங்கிய பணத்தை மூவரும் எழுதுவர். 64 குடும்பத்தாரும் பார்ப்பர்.

சிறிய கணக்குத்தான். ஆயினும் பணம் கொடுத்த ஒருவரது பெயருக்கு நேரே 'கொடுக்கவில்லை' என்று தாள் காட்டுமானால் அவர் மனம் எவ்வளவு வருந்தும்? வாங்கியவரின் நேர்மையும் அன்றே ஐயத்திற்கு உள்ளாகும். அயலூரில் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் சிறு கூட்டத்தில் அத்தகைய ஐயம் பொங்கலோடு போய்விடுவதில்லை. ஆதலால் நம் முதற்கேள்வி, 'இக்கருவியில் எத்தனை வசதிகள் உள்ளன?' என்பதன்று. 'பிழை நேர்ந்தால் அது எப்படி வெளிப்படும்?' என்பதே.

எழுதியவர் யார்?

இணைய விரிதாளில் ஒவ்வொருவருக்கும் ஓர் உரிமை வழங்கலாம். கூகுள் ஷீட்ஸில் இவ்வுரிமை மூவகைப்படும்: பார்க்க மட்டும் உரிமை, கருத்துரைக்கும் உரிமை, திருத்தும் உரிமை. நம் கணக்கில் மூவருக்குத் திருத்தும் உரிமையும் ஏனையோருக்குப் பார்க்கும் உரிமையும் போதும். ஆனால் நடைமுறையில் பலர், 'இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்' என்று அமைத்து, அவ்விணைப்பை வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிடுகின்றனர். அது கணக்கேட்டைத் தெருத் திண்ணையில் பேனாவுடன் வைத்துவிட்டு வருவதற்கு ஒப்பாகும். திண்ணையில் எழுதியவர் இன்னாரென்று யாரேனும் கண்டிருக்கவும் கூடும். இங்கோ, கணக்கில் நுழையாமல் இணைப்பின்வழி வந்தவரைப் பெயரறியாத ஒருவராகவே தாள் காட்டும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது வரலாறு. தாளில் முன்பு இருந்தது என்ன, அதனை மாற்றியவர் யார், எப்போது மாற்றினார் என்பவற்றைக் கருவி நினைவில் வைத்திருக்கிறதா? கூகுள் ஷீட்ஸில் ஒரு தனிக் கட்டத்தின் திருத்த வரலாற்றையே பார்க்க முடியும். எக்செலின் இணைய வடிவம், செய்த மாற்றங்களை 60 நாள்வரை காட்டும். பொங்கல் கணக்கிற்கு 60 நாள் போதுமானது. ஓர் ஆண்டு நடக்கும் நூலகக் கணக்கிற்குப் போதாது.

காகித ஏட்டில் அடித்துத் திருத்தினால் பழைய எண் கோட்டின் அடியில் தெரியும். கணக்கர்கள் அழிப்பானைத் தொடாதிருந்ததற்கு அதுவே காரணம். வரலாறு காட்டாத விரிதாள் அழிப்பானால் எழுதிய ஏடு. எத்தனை அழகிய வரைபடங்களை அது வரைந்து தந்தாலும் பலர் பணத்தை எழுத அதனைப் பரிந்துரைக்கமாட்டேன்.

வரிசைப்படுத்துதலில் ஓர் இடர் உண்டு. மூவருள் ஒருவர் பெயர்களை அகரவரிசைப்படுத்த விரும்பிப் பெயர்கள் உள்ள நெடுவரிசையை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்திவிட்டால், பெயர்கள் இடம் மாறும், தொகைகள் மாறா. ஒருவர் கொடுத்த பணம் மற்றவர் பெயருக்கு நேரே நிற்கும். மொத்தத் தொகையோ சரியாகவே இருக்கும்! ஆகவே கூட்டிப் பார்த்து இப்பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. தம் பெயரைத் தேடிப் பார்க்கும் ஒரு குடும்பத்தாரே கண்டுபிடிப்பர். இன்னுமொன்று: பொதுத் தாளில் ஒருவர் வரிசைப்படுத்தினால் அனைவர் திரையிலும் தாள் மாறும். தமக்கு மட்டும் வரிசைப்படுத்திப் பார்க்கும் தனிக்காட்சி வசதி கூகுள் ஷீட்ஸிலும் எக்செலிலும் உள்ளது. கருவியைச் சோதிக்கும்போது இருவர் இரு கைபேசிகளில் ஒரே தாளைத் திறந்து இதனைச் செய்து பாருங்கள். அப்படியே ஒரே கட்டத்தில் இருவரும் ஒரே நொடியில் வெவ்வேறு எண்களை எழுதியும் பாருங்கள். இறுதியாகப் பதிந்ததே நிலைக்கும். மற்றவருக்குத் தம் எண் மறைந்தது தெரியாமலே போகலாம்.

எண் எப்போது எண்ணாகாது?

64 குடும்பங்களும் கொடுத்துவிட்டன என்று கொள்வோம். 64 × 750 = 48,000. ஆனால் தாளின் அடியில் மொத்தம் 46,500 என்று காட்டுகிறது. எந்தக் கட்டமும் வெறுமையாக இல்லை; எந்த எண்ணும் குறைவாக இல்லை. 1,500 ரூபாய் எங்கே போயிற்று?

இரண்டு கட்டங்களில் '750/-' என்று எழுதப்பட்டிருக்கிறது. காசோலையிலும் பற்றுச்சீட்டிலும் எழுதும் நம் நாட்டு வழக்கம் அது. மனிதக் கண்ணுக்கு அது தொகை. விரிதாளுக்கோ அது சொல். 'சம்' என்னும் கூட்டல் சார்பு தான் கூட்டும் பரப்பில் சொல்லைக் கண்டால் எச்சரிக்கை தராது. அமைதியாகத் தாண்டிச் செல்லும். பிழை என்று தாள் கூச்சலிட்டால் நாம் திருத்திவிடுவோம். அமைதியாகத் தவறான விடை தருவதே பெருந்தொல்லை.

இதனைக் கண்டறிய இரு வழிகள் உள்ளன. எண்கள் இயல்பாகக் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். சொற்கள் இடப்பக்கம் நிற்கும். நெடுவரிசையைக் கண்ணால் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாலே வழிதவறி இடப்பக்கம் நிற்பது தெரியும். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தினால் இவ்வடையாளம் மறைந்துவிடும். எனவே எண்களை நடுவில் நிறுத்தாதீர்கள். மற்றொரு வழி, 'கவுண்ட்' என்னும் சார்பு. அது எண்கள் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். 64 என்று வரவேண்டிய இடத்தில் 62 என்று வந்தால், இரண்டு தொகைகள் சொல்லாக எழுதப்பட்டுள்ளன என்பது உறுதி. மொத்தத்தின் அருகில் இந்த எண்ணிக்கையை எப்போதும் வைத்திருப்பது நல்ல கணக்கரின் வழக்கம். எண் அல்லாத எதனையும் ஏற்காதபடி கட்டங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கவும் இக்கருவிகளில் வசதியுண்டு.

இனி, விழாவிற்குச் சில நாள் முன்னர்ப் புதிதாக ஒரு குடும்பம் மாற்றலாகி வருகிறது. அவர்கள் பெயரைப் பட்டியலின் அடியில் 66-ஆம் வரிசையில் எழுதுகின்றனர். மொத்தமோ மேலே தனிக் கட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள சூத்திரம் பி2 முதல் பி65 வரை மட்டுமே கூட்டுகிறது. அவர்கள் பணம் கணக்கில் சேராது.

இப்பிழை குடியிருப்புக் கணக்கில் மட்டும் நேர்வதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அரசின் கடன், நாட்டின் உற்பத்தி மதிப்பில் 90 விழுக்காட்டைக் கடந்த நாடுகளில் பொருளாதார வளர்ச்சி சராசரியாக -0.1 விழுக்காடு என்று அது கூறியது. பல நாடுகளில் அரசின் செலவைக் குறைக்கவேண்டும் என்று வாதிட்டோர் அக்கட்டுரையை எடுத்துக்காட்டினர். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், அவர்களிடமே கேட்டுப்பெற்ற விரிதாளைத் திறந்து பார்த்தார். சராசரி காணும் சூத்திரம் 20 நாடுகளையும் தழுவாமல் 15 நாடுகளோடு நின்றிருந்தது. சில தரவுகளை விட்டதும், நாடுகளுக்கு மதிப்பளித்த முறையும் வேறு காரணங்களாயின. அனைத்தையும் திருத்திக் கணக்கிட்டபோது அச்சராசரி 2.2 விழுக்காடு என்று ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்களும் காட்டினர். சூத்திரப் பிழையை அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். கட்டுரையின் பொதுக்கருத்து மாறவில்லை என்று வாதிட்டனர்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அச்சிட்ட கட்டுரையைப் படித்தவர்கள் எவருக்கும் அப்பிழை தெரியவில்லை. விரிதாளே மற்றொருவர் கைக்குச் சென்றபோதுதான் தெரிந்தது. விடையை மட்டும் பகிர்வது வேறு. விடை வந்த வழியைப் பகிர்வது வேறு. ஆகவே 64 குடும்பத்தாருக்கும் மொத்தத் தொகையின் படத்தை அனுப்பாமல், சூத்திரங்களைப் பார்க்கத்தக்க தாளையே காட்டுவது மேல்.

தேதியும் காற்புள்ளியும்

மேலைநாட்டு வழக்கில் பத்து இலட்சத்தை 1,000,000 என்று எழுதுவர். நாம் 10,00,000 என்று எழுதுகிறோம். கருவியில் நாடு 'அமெரிக்கா' என்று அமைந்திருந்தால் நம் இலட்சமும் கோடியும் காற்புள்ளி மாறிக் குழப்பும். இதைவிடப் பெரிய குழப்பம் தேதியில் நேரும். அமெரிக்க வழக்கில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். 05/01/2026 அன்று பணம் கொடுத்தவரை அத்தாள் மே மாத முதல்நாளில் கொடுத்தவராக்கிவிடும். 15/01/2026 என்பதையோ, பதினைந்தாம் மாதம் இல்லையாதலால், தேதியென்று ஏற்காமல் சொல்லாகவே விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதிகளும் பாதி தேதியல்லாத சொற்களுமாக நிற்கும். தாளைத் தொடங்கும் முன்பே அதன் அமைப்பில் நாட்டை 'இந்தியா' என்று தேர்ந்துவிட்டால் இவ்விடர் இல்லை.

நாம் தேதியென்று எண்ணாததையும் விரிதாள் தேதியாக்கிவிடுவதுண்டு. மனித மரபணுக்கள் சிலவற்றிற்கு 'மார்ச்1', 'செப்ட்1' என்று சுருக்கப்பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று மாற்றியது. ஆய்வேடுகளில் இப்பிழை மலிந்ததால், மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு 2020-இல் அப்பெயர்களையே மாற்றிவிட்டது. கருவியைத் திருத்துவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது எளிதாயிற்று போலும்!

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கமுள்ள எண்ணை எழுதினால் கடைசி இலக்கம் பூச்சியமாகும். கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் முதலியன கூட்டவோ பெருக்கவோ வேண்டாதவை. அவற்றை எண்ணாக எழுதாமல் சொல்லாக அமைத்தல் வேண்டும். இல்லையேல் முன்னிற்கும் பூச்சியங்களும் உதிர்ந்துவிடும்.

எத்தனை வரிசைகள்?

64 குடும்பங்களுக்கு இக்கேள்வி எழாது. பெருங்கணக்கிற்கு எழும். எக்செலின் இன்றைய தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. பழைய கோப்பு வடிவில் 65,536 மட்டுமே. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் அரசின் அன்றாடக் கணக்கில் சேராது போயிற்று. ஆய்வகங்கள் அனுப்பிய விவரங்களைப் பழைய கோப்பு வடிவில் ஏற்றியதால், வரிசைகள் நிரம்பியபின் வந்தவை விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி அதனால் தாமதமாயிற்று. கூகுள் ஷீட்ஸின் எல்லை ஒரு கோடிக் கட்டங்கள். வரிசைகள் 10 இலட்சத்தை நெருங்குமாயின் விரிதாளை விட்டுத் தரவுத்தளத்திற்குச் செல்வதே முறை.

தமிழுக்கு ஒரு சோதனை

மொழிப்பாட நூலில் இதனைச் சேர்க்காமல் விட மனம் வரவில்லை. கனி, கவி, கறி, கலை என்னும் நான்கு சொற்களை நான்கு கட்டங்களில் எழுதி வரிசைப்படுத்துங்கள். நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது முறை. எனவே அகராதியில் கலை, கவி, கறி, கனி என்று வரும். ஒருங்குறியில் எழுத்துகளுக்கு இட்ட எண்களின் வரிசையோ வேறு. அங்கு னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. அவ்வெண்களை மட்டும் நம்பும் கருவி கனி, கறி, கலை, கவி என்று வரிசைப்படுத்தும். தமிழ் மரபறிந்த கருவி எதுவென இந்நான்கு சொற்களே கூறிவிடும்.

சொல்லின் நீளம் காணும் 'லென்' என்னும் சார்பிடம் 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்தால் 5 என்று விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியே எண்ணுகிறது. மூன்றெழுத்து என்று படித்த நமக்கு வியப்பாக இருக்கும்.

தமிழ் எழுதிய தாளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய கோப்பாகச் சேமித்து எக்செலில் திறக்கும்போது எழுத்துகள் உருத்தெரியாமல் சிதைவதுண்டு. 'யுடிஎஃப்-8' என்னும் வகையைத் தேர்ந்து எக்செலிலிருந்து சேமித்தால் அவ்வாறு நேராது. ஒரு கருவியிலிருந்து மற்றொன்றிற்குத் தாளை முழுமையாக எடுத்துச் செல்ல முடிகிறதா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடவேண்டும். ஓராண்டுக் கணக்கு சேர்ந்தபின் அன்று.

பிறர் விவரம்

பெயரும் தொகையும் கணக்கிற்குத் தேவை. கைபேசி எண், பிறந்தநாள், பிள்ளைகளின் வகுப்பு ஆகியவை பொங்கல் கணக்கிற்கு எதற்கு? 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வேண்டாத நெடுவரிசையைத் தொடங்காதிருப்பதே எளிய பாதுகாப்பு.

ஆகவே அக்குடியிருப்பு எதனைத் தேர்ந்தெடுக்கலாம்? மூவரிடமும் கூகுள் கணக்கு முன்பே இருக்குமானால் கூகுள் ஷீட்ஸ் போதும். அலுவலகத்தில் எக்செல் பழகியவர்கள் அதன் இணைய வடிவில் விரைந்து எழுதுவர். ஜோஹோ ஷீட்டை நம் ஊர்க் கருவி என்பதற்காக மட்டும் எடுக்கவேண்டா. மேற்கண்ட சோதனைகளில் வென்றால் எடுங்கள். இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் மலைப்பகுதியிலோ எல்லைப்புறத்திலோ வாழ்வோர், ஒருவர் கணினியில் இலவசமான லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் எழுதி வாரந்தோறும் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது இன்னும் பொருத்தமாக இருக்கலாம்.

பயிற்சி

அ. இருவர் இணைந்து, ஏதேனும் ஒரு விரிதாளில் உங்கள் வகுப்பு மாணவர் பத்துப் பேரின் பெயரும், அவர்கள் சென்ற மாதம் படித்த பக்கங்களின் எண்ணிக்கையும் எழுதுக. ஒரு கட்டத்தில் மட்டும் '40 பக்கம்' என்று எழுதி, மொத்தம் எவ்வாறு மாறுகிறதெனக் காண்க.

ஆ. நண்பர் உங்களுக்குத் தெரியாமல் ஓர் எண்ணை மாற்றட்டும். வரலாற்றைக் கொண்டு பழைய எண்ணையும் மாற்றிய நேரத்தையும் கண்டுபிடித்து எழுதுக.

இ. 'கனி, கவி, கறி, கலை' சோதனையை இரு கருவிகளில் செய்து, கண்ட முடிவை ஐந்து தொடர்களில் விளக்குக.

ஈ. உங்கள் குடியிருப்பில் காகித ஏட்டில் எழுதப்படும் கணக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை இணைய விரிதாளுக்கு மாற்றலாமா, வேண்டாவா எனக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.